கன்டெய்னருக்கு மாற்றாக மைக்ரோகர்னல்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வாடிக்கையாளர்கள் பதிவேற்றும் நிரல்களை ஒரே சர்வரில் ஓட்டும் சேவை ஒன்றை வடிவமைக்கும்போது எழுந்த கேள்வி இது. நூறு கன்டெய்னர்கள் (நிரல்களைத் தனித்தனியே அடைத்து வைக்கும் பெட்டிகள்) ஒரே லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, பகிர்ந்துகொள்வதுதான் பாதுகாப்புச் சிக்கலின் வேர் என்றால், அந்தக் கர்னலையே சில ஆயிரம் வரிகளுக்குச் சுருக்கி மைக்ரோகர்னலாக ஆக்கிவிட்டால் கன்டெய்னர் என்ற ஏற்பாடே தேவைப்படாது அல்லவா?

கேள்வியின் முதல் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். இரண்டாவது பாதியில் ஒரு திருத்தம் வேண்டும். கன்டெய்னர் என்ற ஒரு பெயருக்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. நிரல்களை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்து வைப்பது முதல் வேலை. ஒரு நிரலை அதற்கு வேண்டிய நூலகங்களோடும் அமைப்புக் கோப்புகளோடும் சேர்த்துப் பொதிந்து, எந்தக் கணினியில் இறக்கினாலும் அப்படியே ஓடும்படி கொண்டுசேர்ப்பது இரண்டாவது வேலை. முதல் வேலையை மைக்ரோகர்னல் அடிப்படையிலேயே வேறு விதமாகச் செய்கிறது. என் மதிப்பீட்டில் மேலாகவும் செய்கிறது. இரண்டாவது வேலைக்கு அதனிடம் விடை இல்லை, அது கர்னல் விடை சொல்ல வேண்டிய கேள்வியும் அன்று. 2013இல் வெளிவந்த டாக்கர் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான்.

லினக்ஸ் கர்னலுக்குள் கன்டெய்னர் என்றொரு பொருள் கிடையாது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகச் சேர்க்கப்பட்ட சில வசதிகளை ஒன்றாகக் கட்டி அந்தப் பெயரைச் சூட்டுவது டாக்கர் போன்ற வெளி மென்பொருள்களே. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்த சிஹெச்ரூட், ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) காணும் கோப்பு மரத்தின் வேரை மாற்றிக் காட்டியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 அதையே புராசஸ்கள், நெட்வொர்க் முகவரி ஆகியவற்றுக்கும் விரித்து 'ஜெயில்' என்ற முறையைக் கொண்டுவந்தது. லினக்ஸில், கோப்பு மரத்தைப் புராசஸ்களுக்குத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மவுன்ட் நேம்ஸ்பேஸ் 2002இல் வந்தது. புராசஸ் எண்கள், நெட்வொர்க் முதலியவற்றுக்கான நேம்ஸ்பேஸ்கள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பயனர் எண்களைப் பிரிக்கும் யூசர் நேம்ஸ்பேஸ் 2013இல் வந்த 3.8 பதிப்பில்தான் ஓரளவு முழுமை பெற்றது. வளங்களுக்கு வரம்பு விதிக்கும் சிகுரூப் என்ற பகுதி, கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய வேலை. 2008 தொடக்கத்தில் 2.6.24 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது.

இவ்வளவு துண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. யூனிக்ஸ் மரபில் ஒரு புராசஸ் பிறக்கும்போதே உலகம் முழுவதையும் காண்கிறது. கோப்பு மரம் பொது, புராசஸ் எண்கள் பொது, நெட்வொர்க் முகப்புகள் பொது, கணினியின் பெயர்கூடப் பொது. எதைத் தொடலாம் என்பதை, அந்தப் புராசஸ் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று பார்த்துக் கர்னல் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. இப்படிப் பொதுவில் கிடக்கும் உலகத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போவதுதான் கன்டெய்னர். எதை மறைக்க மறந்தோமோ அது திறந்தே கிடக்கும். 2020இல் 5.6 பதிப்பில் நேரத்துக்கும் ஒரு நேம்ஸ்பேஸ் வந்தது; அதுவும் கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் கடிகாரங்களை மட்டுமே பிரிக்கிறது. நாள், மணி காட்டும் கடிகாரம் இன்றும் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் ஒன்றுதான். கர்னலின் பதிவுக் குறிப்புகளும், ஏற்றப்பட்ட கர்னல் மாட்யூல்களும் அவ்வாறே பொதுவானவை. கழித்தல் முறையில் கட்டப்படும் பாதுகாப்புக்கு இந்த முடிவில்லாத பட்டியல் இயல்பானது.

கழித்தல் முழுமையாக நடந்துவிட்டாலும் கர்னல் பொதுவாகவே இருக்கிறது. 2016 அக்டோபரில் வெளிப்பட்ட 'டர்ட்டி கவ்' ஓட்டை இதற்கு நல்ல சான்று. நினைவகப் பக்கங்களை, எழுத நேரும்போது மட்டும் பிரதி எடுக்கும் முறையில் ஒரு பந்தயப் பிழை (இரு செயல்கள் ஒன்றையொன்று முந்துவதால் எழும் பிழை) 2007 முதலே இருந்துவந்தது. அதைப் பயன்படுத்தினால், படிக்க மட்டுமே உரிமையுள்ள பக்கத்தில் எழுதிவிட முடியும். எல்லாப் புராசஸ்களுக்கும் கர்னல் பொதுவாகக் காட்டும் ஒரு நினைவகப் பக்கத்தை இவ்வாறு திருத்தி, கன்டெய்னருக்குள்ளிருந்து வெளியே வர முடியும் என்று ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். அங்கே எந்த நேம்ஸ்பேஸும் உதவாது. நேம்ஸ்பேஸ் என்பது பெயர்களைப் பிரிக்கும் ஏற்பாடு. ஓட்டையோ பெயர்களுக்கெல்லாம் அடியில், நினைவக மேலாண்மையில் இருந்தது.

2019 பிப்ரவரியில் வெளியான ரன்சி ஓட்டை வேறு வகையைச் சேர்ந்தது. கன்டெய்னர்களைத் தொடங்கி வைக்கும் ரன்சி நிரல், தானே ரூட் எனப்படும் முழு அதிகாரத்தோடு கன்டெய்னருக்குள் நுழைந்து பிறகு வேலையை ஒப்படைக்கிறது. நுழையும் அந்தக் கணத்தில், உள்ளே காத்திருக்கும் தீய நிரல் ஒன்று, ஓடும் புராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் புரோக் கோப்பு முறைமையின் வழியாக வெளிக்கணினியில் இருக்கும் ரன்சி கோப்பையே பிடித்து மேலெழுதிவிட முடிந்தது. கர்னலில் பிழை ஏதும் இல்லாமலேயே இது நடந்தது. தேவைக்கு மிஞ்சிய அதிகாரத்தைச் சுமந்துகொண்டு திரியும் ஒரு நிரலைப் பிறர் தம் வசதிக்கு வளைத்துக்கொள்ளும் பழைய கதைதான். கணினிப் பாதுகாப்பில், ஒவ்வொரு நிரலுக்கும் வேண்டிய அதிகாரத்தை மட்டும் கையில் கொடுக்கும் கேபபிலிட்டி முறையைப் பேசுவோர் பல பத்தாண்டுகளாக எச்சரித்துவரும் சிக்கலும் இதுவே.

லினக்ஸின் செக்கம்ப் வடிகட்டியால், ஒரு நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளான சிஸ்டம் கால்களைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். ஆனால் டாக்கரின் இயல்புநிலை வடிகட்டி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்களில் ஏறத்தாழ 44ஐ மட்டுமே தடுக்கிறது. அதற்கு மேல் இறுக்கினால் சாதாரண நிரல்கள் உடையத் தொடங்கும். அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு அழைப்பின் பின்னாலும், பல கோடி வரிகள் கொண்ட ஒரே முகவரி வெளியில் (பொதுவான நினைவகப் பரப்பில்) கோப்பு முறைமைகளும் நெட்வொர்க் அடுக்கும் டிரைவர்களும் ஒன்றாக வாழ்கின்றன.

இனி மறுபக்கம். கர்னலை மிகச் சிறிய கருவாக வைத்து மற்றதை வெளியே எழுப்பும் எண்ணம் புதிதன்று. டென்மார்க்கில் பெர் பிரிஞ்ச் ஹான்சென் 1969இல் ஆர்சி 4000 கணினிக்கு எழுதிய அமைப்பிலேயே, புராசஸ்களும் அவற்றுக்கிடையே செல்லும் செய்திகளும் மட்டுமே கருவில் இருந்தன. 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக், இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது. அதே அளவுக்குக் கெட்ட பெயரையும் வாங்கித் தந்தது. அதன் செய்திப் பரிமாற்றம் மிக மெதுவானது. 1992இல் மைக்ரோகர்னலை ஆதரித்த பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமுக்கும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் நடந்த புகழ்பெற்ற விவாதத்தின் காலத்தில், 'மைக்ரோகர்னல் அழகு, ஆனால் வேகமில்லை' என்ற பொதுக் கருத்து மாக்கைக் கண்டுதான் உருவாகியிருந்தது.

அந்தக் கருத்தை உடைத்தவர் ஜெர்மானியரான யோஹன் லீட்கே. 50 மெகாஹெர்ட்ஸ் 486 கணினியில் ஒரு சிறு செய்தியை அனுப்ப மாக் ஏறத்தாழ 115 மைக்ரோவினாடி எடுத்துக்கொண்டபோது, அவருடைய எல்3 கர்னல் அதை 5 மைக்ரோவினாடியில் முடித்தது. இதை 1993இல் அளந்து வெளியிட்டார். மெதுவாக இருந்தது ஒரு குறிப்பிட்ட கர்னல்தான், அந்த எண்ணம் அன்று என்பது அதன் பொருள். அடுத்து வந்த எல்4இல் அவர் வகுத்த விதி இன்றும் இத்துறையின் அளவுகோலாக நிற்கிறது: வெளியே வைத்தால் அமைப்பே வேலை செய்யாது என்ற நிலை உள்ளதை மட்டுமே கர்னலுக்குள் வைக்கலாம். அப்படிப் பார்த்தால் முகவரி வெளி, திரெட் (நிரலுக்குள் ஓடும் ஓர் ஓட்டம்), செய்திப் பரிமாற்றம் ஆகியவையும் அவற்றைச் சுற்றிச் சிறிதளவுமே உள்ளே மிஞ்சும். 1997இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகக் குழு லினக்ஸையே எல்4 மீது ஒரு சாதாரண நிரலாக ஓட்டிக் காட்டியபோது, இழப்பு 5 முதல் 10 சதவீத அளவிலேயே இருந்தது.

கன்டெய்னரோடு ஒப்பிடும்போது இந்த வேகத்தைக் காட்டிலும் முக்கியமானது கேபபிலிட்டி என்ற அதிகார முறை. இம்முறையைக் கொண்ட நவீன மைக்ரோகர்னல்களில் ஒரு புராசஸ் பிறக்கும்போது அதன் கையில் ஒன்றுமே இருப்பதில்லை. கோப்பு மரம் இல்லை, நெட்வொர்க் இல்லை, மற்றப் புராசஸ்களின் எண்கள் இல்லை. இவற்றை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளக் கூடாது. அந்தப் புராசஸைப் பொறுத்தவரை அவை இல்லவே இல்லை. ஒரு பொருளைப் பயன்படுத்த வேண்டுமானால் அதற்கான கேபபிலிட்டியை யாரேனும் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்பதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. கன்டெய்னர் கழித்தல் என்றால் இது கூட்டல். ஏதேனும் ஒன்றைக் கொடுக்க மறந்தால் நிரல் ஓடாது. பிழை உடனே தெரிந்துவிடும். லினக்ஸில் மறைக்க மறந்தால் எல்லாம் நன்றாகவே ஓடும். பிழை என்றோ ஒருநாள் தாக்குபவருக்குத்தான் தெரியவரும். எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும், மைக்ரோகர்னலின் தனிமைப்படுத்தலை மேலானது என்று சொல்வதற்கு.

கூகுளின் ஃபியூஷா இயங்குதளத்தில் இதை நேரடியாகக் காணலாம். அங்கே ஒவ்வொரு புராசஸுக்கும் அதற்கென்று தொகுத்துக் கொடுக்கப்பட்ட நேம்ஸ்பேஸ் மட்டுமே உண்டு; எல்லோருக்கும் பொதுவான வேர் அடைவு என்பது கிடையாது. கோப்புப் பாதையில் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியைக்கூடக் கோப்புச் சேவைகள் ஏற்பதில்லை. ஓர் அடைவைக் கொடுத்தால் அதற்கு மேலே ஏறும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடக் கூடாது என்பதே காரணம். லினக்ஸில் சிஹெச்ரூட்டைத் தாண்டுவதற்கு எத்தனை தந்திரங்கள் இந்த இரட்டைப் புள்ளியைச் சுற்றி எழுந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஃபியூஷாவின் ஸிர்கான் கர்னல் லீட்கேயின் அளவுகோலில் சிறியது அன்று. அதன் சிஸ்டம் கால்கள் நூற்றைத் தாண்டும். ஆயினும் அதிகாரம் வழங்கும் முறை கேபபிலிட்டி மரபைச் சேர்ந்தது.

வளக் கணக்கிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. சிகுரூப் ஒரு கன்டெய்னரின் நினைவகத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் அந்தக் கன்டெய்னருக்காகக் கர்னல் தனக்குள் ஒதுக்கிக்கொள்ளும் நினைவகத்தைக் கணக்கில் சேர்ப்பது பின்னாளில் ஒட்டப்பட்ட வேலை. ஒவ்வொரு வகை ஒதுக்கீட்டுக்கும் யாரேனும் நினைவாகக் கணக்கெழுத வேண்டியிருக்கிறது. சிட்னியில் உருவான எஸ்இஎல்4 கர்னல் இந்தச் சிக்கலை வேரிலேயே கிள்ளிவிட்டது. அது தொடங்கி முடிந்ததும் எஞ்சிய நினைவகம் முழுவதையும் முதல் யூசர் புராசஸிடம் கேபபிலிட்டிகளாக ஒப்படைத்துவிடுகிறது. அதன் பிறகு கர்னல் தானாக ஒரு பைட்டைக்கூட ஒதுக்கிக்கொள்வதில்லை. ஒரு திரெட்டோ பேஜ் டேபிளோ (நினைவக முகவரி அட்டவணையோ) உருவாக வேண்டுமானால், கேட்பவரே தம் கையிருப்பு நினைவகத்திலிருந்து அதற்கான இடத்தைத் தர வேண்டும். எனவே ஒருவர் அளவின்றித் திரெட்டுகளை உருவாக்கினால் தீர்வது அவருடைய கையிருப்புதான். பக்கத்திலிருப்பவருக்குக் கேடு இல்லை.

டிரெஸ்டன் மரபிலிருந்து வந்த, மைக்ரோகர்னல் மீது இயங்குதளம் கட்டும் சட்டகமான ஜெனோட் இதைக் குடும்ப அமைப்பாக விரித்திருக்கிறது. ஒவ்வொரு கம்போனென்டுக்கும் ஒரு பெற்றோர் உண்டு. நினைவகப் பங்கும் மற்றச் சேவைகளுக்கான வழியும் பெற்றோரிடமிருந்தே வரும். பிள்ளை தன் பங்கிலிருந்து தன் பிள்ளைகளுக்குப் பகிரலாம். கன்டெய்னருக்குள் கன்டெய்னர் என்பது லினக்ஸில் தனிச் சிரமம் தரும் வேலை. இங்கே அமைப்பே அப்படித்தான் என்பதால், உள்ளே எத்தனை அடுக்கு போனாலும் புதிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மாக் மீது எழுந்த குனு ஹர்ட் இயங்குதளத்திலும், ஓடிக்கொண்டிருக்கும் ஹர்டின் உள்ளே இன்னொரு ஹர்டை எழுப்பும் 'சப்ஹர்ட்' என்ற வசதி, கன்டெய்னர் என்ற சொல் பரவுவதற்கு வெகு முன்பே இருந்தது.

எஸ்இஎல்4இன் தனிச் சிறப்பு அதன் கணித நிரூபணம். ஏறத்தாழ 8,700 வரி சி நிரல் அதன் விவரக்குறிப்பின்படியே நடந்துகொள்கிறது என்று 2009இல் நிரூபித்தார்கள். அந்த நிரூபணம் மட்டும் இரண்டு லட்சம் வரி அளவுக்கு நீண்டது. எஸ்இஎல்4 குழுவின் கெர்னாட் ஹைசரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல் லினக்ஸின் மிகக் கடுமையான ஓட்டைகளை எடுத்து ஆராய்ந்து, நிரூபிக்கப்பட்ட மைக்ரோகர்னல் மீது எழுந்த அமைப்பாக இருந்தால் அவற்றில் 40 சதவீதம் அடியோடு இல்லாமல் போயிருக்கும், எஞ்சியவற்றில் ஏறத்தாழ எல்லாமே கடுமை குறைந்திருக்கும் என்று கணக்கிட்டனர். கணக்கிட்டவர்கள் மைக்ரோகர்னல் கட்சிக்காரர்கள் என்பதை மனத்தில் கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் பாதி அளவுக்குத் தள்ளுபடி செய்தாலும் அந்த எண் சிறியதன்று.

இவ்வளவும் சாதகமான பக்கம். ஒரு சர்வரில் நூறு வாடிக்கையாளர்களின் நிரல்களை ஓட்டும் வேலைக்கு இதை அப்படியே கொண்டுவர முயன்றால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வியின் கடினமான பகுதி. மைக்ரோகர்னல் மட்டும் ஓடினால் வாடிக்கையாளருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்குக் கோப்பு முறைமை வேண்டும், நெட்வொர்க்கில் பேச டிசிபி அடுக்கு வேண்டும், சேமிப்பக டிரைவர் வேண்டும். இவை அனைத்தும் இப்போது கர்னலுக்கு வெளியே தனித்தனிச் சேவைகளாக நிற்கின்றன. நூறு பேருக்கும் ஒரே கோப்புச் சேவை, ஒரே நெட்வொர்க் சேவை என்று வைத்தால், முன்பு லினக்ஸ் கர்னல் நின்ற இடத்தில் இப்போது அந்தச் சேவைகள் நிற்கின்றன என்பதற்கு மேல் பெரிய மாற்றம் இல்லை. கோப்புச் சேவையில் ஒரு நினைவகப் பிழை இருந்தால் நூறு பேரின் கோப்புகளும் ஒன்றாகப் போகும். கர்னலைப் பற்றிய நிரூபணம் அந்தச் சேவையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நெட்வொர்க் சேவை தப்பும் என்பது ஆதாயம்தான். ஆனால் கேட்டது அதுவல்ல.

ஆளுக்கொரு கோப்புச் சேவை, ஆளுக்கொரு நெட்வொர்க் அடுக்கு என்று கொடுப்பதே முறையான விடை. ஜெனோட் இதைத்தான் செய்கிறது. கோப்பு முறைமையும் டிசிபி அடுக்கும் நூலகங்களாக அந்தந்த நிரலோடு இணைந்துகொள்ள முடியும். பொதுவாக மிஞ்சுவது பாக்கெட்டுகளைப் பங்கிடும் ஒரு சிறு ரூட்டர் கம்போனென்ட் மட்டுமே. பொதுவில் நிற்பது எவ்வளவு எளிமையானதோ அவ்வளவுக்கு அதை நம்பலாம் என்பதால் இது நல்ல வடிவமைப்பு. ஆனால் விலை உண்டு. நூறு கன்டெய்னர்கள் ஒரே இமேஜிலிருந்து (பொதிந்த கோப்புத் தொகுப்பிலிருந்து) எழும்போது, அந்தக் கோப்புகளின் பக்கங்களை லினக்ஸ் நினைவகத்தில் ஒருமுறை மட்டும் வைத்து அனைவருக்கும் காட்டுகிறது. ஒரு கணினியில் இவ்வளவு கன்டெய்னர்களை அடைக்க முடிவதன் ரகசியம் பெருமளவு இதுவே. தனித்தனிக் கோப்புச் சேவைகளில் இந்தப் பகிர்வு தானாகக் கிடைக்காது. படிக்க மட்டுமான பொது அடுக்கு ஒன்றைத் தனியே வடிவமைக்க வேண்டும். பகிர்வைத் திரும்பக் கொண்டுவரும் ஒவ்வோர் அடியிலும் பொதுவான தாக்குதல் பரப்பும் கொஞ்சம் திரும்பி வரும். கன்டெய்னரின் சிக்கனமும் அதன் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நீக்கும் வழி எந்தக் கர்னலிடமும் இல்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செய்திப் பரிமாற்றம் வேகமாகிவிட்டாலும், ஒரு கோப்பைத் திறப்பதற்கு இரண்டு மூன்று சேவைகளைத் தாண்ட வேண்டியிருந்தால் கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும். ஹுவாவேயின் ஹாங்மெங் கர்னலை உருவாக்கியவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதைப் பற்றிய நேர்மையான ஆவணம். கைபேசி போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, நெருங்கிப் பேசும் சேவைகளை ஒன்றாக இணைக்கவும், வேகம் அவசியமான, நம்பகமான சிலவற்றைக் கர்னல் வெளிக்கே மீண்டும் நகர்த்தவும் நேர்ந்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். லினக்ஸ் டிரைவர்களைத் திரும்ப எழுத முடியாமல், அவற்றை அப்படியே உள்ளே வைத்து ஓட்டும் தனிப் பெட்டியையும் உருவாக்கினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'டிரைவர் கன்டெய்னர்' என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நிரூபணத்துக்கும் எல்லைகள் உண்டு. வன்பொருள் சரியாக நடக்கிறது, கணினி சரியாகத் தொடங்கியது, சாதனங்கள் நினைவகத்தை நேரடியாகத் தொடுவது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்ற எடுகோள்களின் மேல்தான் அது நிற்கிறது. 2018இல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிபியு ஓட்டைகள் காட்டியதுபோல் சிபியுவே கசிந்தால், நேரத்தை அளந்து ரகசியம் படிப்பதை அந்த நிரூபணம் தடுக்காது. சர்வருக்கு இன்னொரு தடை இருக்கிறது: எஸ்இஎல்4இன் நிரூபணங்கள் ஒற்றைக் கோரில் ஓடும் அமைப்புகளுக்கானவை. பல கோர்கள் ஒரே கர்னலைப் பகிரும் வடிவமும் கிடைக்கிறது. ஆனால் நிரூபணத்தின் உறுதி அதற்கு இல்லை. இன்றைய சர்வர்களில் பத்துக்கணக்கில் கோர்கள் இருப்பதை எண்ணிப் பார்த்தால் இதன் எடை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலான தடை வாடிக்கையாளர் கொண்டுவரும் பொருளில் இருக்கிறது. அவர் கொண்டுவருவது லினக்ஸ் இமேஜ். அதிலுள்ள பைத்தான் மொழியும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளமும் லினக்ஸின் சிஸ்டம் கால்களை, அவற்றின் விசித்திரங்கள் உட்பட, எதிர்பார்க்கின்றன. மைக்ரோகர்னல் மீது அவற்றை ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. லினக்ஸ் முழுவதையும் ஆளுக்கொன்றாக மெய்நிகர் கணினிக்குள் வைப்பது ஒன்று. லினக்ஸின் அழைப்புகளைப் போலச் செய்துகாட்டும் சேவை ஒன்றை எழுதுவது மற்றொன்று. ஃபியூஷாவில் 'ஸ்டார்னிக்ஸ்' என்ற பெயரில் நடப்பது இரண்டாவது வகை.

வேடிக்கை என்னவென்றால், கன்டெய்னர் உலகமும் இதே இரண்டு வழிகளுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 2018இல் கூகுள் வெளியிட்ட ஜிவைசர், லினக்ஸின் அழைப்புகளைப் பெருமளவு கோ மொழியில் திரும்ப எழுதி, ஒவ்வொரு சேன்ட்பாக்ஸுக்கும் (நிரலை அடைத்து ஓட்டும் பெட்டிக்கும்) தனியாக, கர்னலுக்கு வெளியே யூசர் ஸ்பேஸில் ஓட்டுகிறது. அதன் தொடக்க வடிவமைப்பில் கோப்புகளைத் திறந்து தருவதற்கென்று தனிப் புராசஸ் ஒன்றும் உண்டு. வாடிக்கையாளருக்கொரு தனிச் சேவை, கோப்புக்கு இன்னொரு சேவை, இரண்டுக்கும் இடையே குறுகலான ஒரு வாயில் என்று வரைந்து பார்த்தால் அது ஒரு மைக்ரோகர்னல் அமைப்பின் படமாகவே தெரியும். அடியில் மட்டும் லினக்ஸ் இருக்கிறது. அதே ஆண்டு அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், ஏறத்தாழ 125 மில்லிவினாடியில் எழும் சிறு மெய்நிகர் கணினிகளைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகச் செலவாகும் நினைவகம் 5 மெகாபைட்டுக்கும் குறைவு. காட்டா கன்டெய்னர்ஸும் இந்த வழியே. மெய்நிகர் கணினியைத் தாங்கும் ஹைப்பர்வைசர்கள் சரியாகச் செய்யப்பட்ட மைக்ரோகர்னல்களே அல்லவா என்று ஸென் என்ற ஹைப்பர்வைசரை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005இலேயே கேட்டார்கள். ஹைசர் தரப்பு மறுத்து எழுதியது. யார் வென்றார்கள் என்பதைவிட, தனிமைப்படுத்தலை உண்மையாக விரும்பியவர்கள் எல்லோரும் 'பொதுவில் நிற்பதைச் சுருக்கு' என்ற ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மைக்ரோகர்னல் உண்மையில் கன்டெய்னரின் வேலையைச் செய்து வென்ற இடங்கள் சர்வர் அறைக்கு வெளியே இருக்கின்றன. கனடாவில் பிறந்து இன்று பிளாக்பெரியிடம் உள்ள கியூஎன்எக்ஸ், 20 கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களில் ஓடுவதாக அந்நிறுவனம் கூறுகிறது. ஆப்பிள் சாதனங்களில் ரகசியங்களைக் காக்கும் செக்யூர் என்கிளேவ், எல்4 வழிவந்த கர்னலால் இயங்குகிறது. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்ப்பா 2012இல் தொடங்கிய திட்டத்தில் போயிங்கின் ஆளில்லா ஹெலிகாப்டரான 'லிட்டில் பேர்டு'. அதன் பணிக் கணினியில் எஸ்இஎல்4 ஓடியது. நம்பத்தகாத கேமரா மென்பொருள் ஒரு மெய்நிகர் லினக்ஸுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. தாக்கிப் பார்க்க அமர்த்தப்பட்ட நிபுணர்களுக்கு அந்த லினக்ஸின் ரூட் அதிகாரத்தையே கொடுத்தார்கள். அதற்கு அப்பால் விமானக் கட்டுப்பாட்டை அவர்களால் தொட முடியவில்லை. நம்பாத நிரலை உள்ளே வைத்து, உள்ளே எல்லா அதிகாரமும் கொடுத்து, வெளியே எதுவும் கிடைக்காமல் செய்வது என்பதுதான் கன்டெய்னரிடம் நாம் எதிர்பார்த்தது. இங்கே அது நடந்ததற்குக் காரணங்கள் வெளிப்படை: பகுதிகள் சில, அவை முன்கூட்டியே தெரிந்தவை, ஒன்றோடொன்று என்ன பேசலாம் என்பது வடிவமைப்பு மேசையிலேயே தீர்மானமானது. மேகக் கணினிச் சர்வரில் இந்த மூன்றும் தலைகீழ்.

ஆகவே கேள்வியில் சொன்ன சேவைக்கு, இன்று நான் தேர்வது மைக்ரோகர்னலை அன்று. முன்பின் அறியாதவர்களின் நிரல் ஓடப்போகிறது என்பதால் வெறும் ரன்சியும் போதாது. வாடிக்கையாளர்களின் நிரல்கள் பெரும்பாலும் கணக்கீட்டு வேலை செய்பவையாக இருந்தால் ஜிவைசரிலிருந்து தொடங்கலாம்; கோப்புகளை ஓயாமல் படித்து எழுதுபவையாக இருந்தால் சிஸ்டம் கால்களின் செலவு அங்கே உறுத்தும், அப்போது ஃபயர்கிராக்கரோ காட்டாவோ பொருந்தும். இவை அனைத்தும் அதே இமேஜ் வடிவத்தை ஏற்கும்படி அமைக்க முடியும் என்பதால், பொதிந்து கொண்டுசேர்க்கும் வேலையில் வாடிக்கையாளர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும், கட்டளையிடும் மேலாண்மை நிரலை வாடிக்கையாளரின் சேன்ட்பாக்ஸுக்குள் நுழையும் நிலையில் வைக்கக் கூடாது. ரன்சியில் நடந்தது அதுதான்.

அதே சேவையில், கையொப்பத் திறவுகோல்களைக் காத்து, கேட்கும்போது கையொப்பமிட்டுத் தரும் ஒரு சிறு தனிக் கணினி இருக்குமானால், அங்கே எஸ்இஎல்4ஐத் தயங்காமல் பரிசீலிக்கலாம். அதன் பகுதிகள் மூன்றோ நான்கோ, ஒரு கோர் போதும், போஸ்ட்கிரஸ் வேண்டாம். கேபபிலிட்டி முறையைக் கையால் பழகிப் பார்க்க விரும்பினால், 2018 முதல் வெளிவரும் ஜெனோட்டின் ஸ்கல்ப்ட் இயங்குதளத்தை ஏற்கத்தக்க ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றலாம். அதில் எந்தக் கம்போனென்ட் யாரிடமிருந்து எதைப் பெறுகிறது என்பது திரையிலேயே வரைபடமாகத் தெரியும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது நெட்வொர்க்கை யாரிடமிருந்து கொடுப்பது, கோப்புகளை எங்கிருந்து கொடுப்பது என்று ஒவ்வொன்றாக அது கேட்கும்.